நியமனக் கடிதத்தில் உள்ள சம்பளமும் கையில் வரும் சம்பளமும்

ஊரில் ஒரு பிள்ளைக்குக் கொழும்பில் நல்லதொரு தொழில் கிடைத்துவிட்டால், "மாதம் இரண்டரை இலட்சமாம்" என்ற செய்தி அன்று அஸருக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும். அந்தத் தொகையை வைத்தே வீட்டில் திட்டங்கள் போடப்படும். மோட்டார் சைக்கிளுக்கு லீசிங், பாதியில் நிற்கும் வீட்டு மதில், தம்பியின் வகுப்புக் கட்டணம், சில வேளை திருமணப் பேச்சும்கூட. மாத முடிவில் வங்கிக் கணக்கில் 2,21,975 ரூபா விழும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கும். "கம்பனி 28,000 ரூபாவை வெட்டிவிட்டதா?"

பெரும்பாலும் யாரும் எதையும் வெட்டியிருக்க மாட்டார்கள். சட்டப்படி கழிய வேண்டியவையே கழிந்திருக்கும். கடிதத்தில் ஒப்பமிட முன்னர் அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்குக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குத் தெரிந்த சதவீதமே போதும். அதைப் படிப்படியாக இங்கு எழுதுகிறேன். தொழில் தேடும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் ஒரு பேனையையும் தாளையும் எடுத்துக்கொண்டு வாசிப்பது நல்லது.

முதலாவது படி: மொத்தச் சம்பளம் எது?

நியமனக் கடிதத்தில் பொதுவாகப் பல வரிகள் இருக்கும். அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, போக்குவரத்துக் கொடுப்பனவு, சாப்பாட்டுக் கொடுப்பனவு, வருகைக்கான ஊக்கத்தொகை என்று அவை நீளும். இவற்றை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் நிச்சயமாக வருபவை ஒரு பக்கம். "இலக்கை அடைந்தால்", "ஒரு நாளும் லீவு எடுக்காவிட்டால்" போன்ற நிபந்தனையோடு வருபவை மறுபக்கம். வீட்டுச் செலவை முதற் பக்கத்தை மட்டும் வைத்தே திட்டமிட வேண்டும்.

அடுத்து ஒரு முக்கியமான கேள்வி உண்டு. கடிதத்தில் இருக்கும் தொகை மொத்தச் சம்பளமா, அல்லது கம்பனிக்கு உங்களால் ஏற்படும் முழுச் செலவா? இப்போது சில நிறுவனங்கள் தாம் செலுத்த வேண்டிய சேமலாப நிதிப் பங்கையும் சேர்த்து "பெக்கேஜ்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்கின்றன. இதனால் வரும் வித்தியாசத்தைக் கீழே பார்ப்போம்.

இரண்டாவது படி: ஈ.பீ.எப். 8 சதவீதம்

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி தனியார் துறை ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும். தொழில் வழங்குநர் தன் கையிலிருந்து 12 சதவீதம் போடுவார். ஆக, உங்கள் பெயரில் மாதம் 20 சதவீதம் சேரும். இதற்கு மேலதிகமாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில் வழங்குநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். ஈ.ரீ.எப். என்று சொல்லப்படும் அந்த 3 சதவீதத்தை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது.

அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் ஈ.பீ.எப். கணக்கிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறை நாட்களுக்கான கொடுப்பனவு, உணவின் பெறுமதி, தரகுப் பணம் போன்றவையும் சட்டத்தின்படி உழைப்பூதியத்தில் அடங்கும். ஓவர்டைம் பணம் அடங்காது.

"அடிப்படைக்கு மட்டும் பிடித்தால் கைக்குக் கூட வருமே" என்று நினைப்பவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். அடிப்படை 1,80,000, படிகள் 70,000, மொத்தம் 2,50,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைக்கு மட்டும் பிடித்தால் 14,400 கழியும். முழுத் தொகைக்கும் பிடித்தால் 20,000 கழியும். கைக்கு 5,600 ரூபா கூடுதலாக வருவது உண்மைதான். ஆனால் அந்த 70,000க்கு தொழில் வழங்குநர் போட வேண்டிய 12 சதவீதமும் 3 சதவீதமும், அதாவது மாதம் 10,500 ரூபா, உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது. வருடத்துக்கு அது 1,26,000 ரூபா. அந்தப் பணம் கம்பனியின் பையிலேயே தங்கிவிடும்.

"தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் ஈ.பீ.எப்." என்று சொல்லும் இடங்களும் உள்ளன. அது சட்டமல்ல. நிரந்தரமோ தற்காலிகமோ, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பங்களிப்புச் செலுத்தப்பட வேண்டும்.

மூன்றாவது படி: வருமான வரி

முன்பு "பேயி" என்று சொல்லப்பட்ட வரியின் இடத்தில் இப்போது இருப்பது முற்கூட்டிய தனிநபர் வருமான வரி. அலுவலகங்களில் "ஏபிட்" என்பார்கள். சம்பளம் கொடுக்க முன்னரே தொழில் வழங்குநர் இதைக் கழித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்.

2025ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க உள்நாட்டு இறைவரி (திருத்தச்) சட்டத்தின் மூலம் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வீதங்கள் இவை. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணம். அதாவது மாதம் 1,50,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அடுத்த 5 இலட்சத்துக்கு 24, அடுத்த 5 இலட்சத்துக்கு 30, மிகுதி அனைத்துக்கும் 36 சதவீதம்.

இதை மாதக் கணக்காக மாற்றினால் ஒரே வரியில் விடை வரும் சூத்திரம் கிடைக்கும்:

- 1,50,000 வரை: வரி இல்லை
- 1,50,000 முதல் 2,33,333 வரை: சம்பளத்தின் 6 சதவீதம், அதில் 9,000 கழிக்க
- 2,33,333 முதல் 2,75,000 வரை: சம்பளத்தின் 18 சதவீதம், அதில் 37,000 கழிக்க
- 2,75,000 முதல் 3,16,667 வரை: சம்பளத்தின் 24 சதவீதம், அதில் 53,500 கழிக்க
- 3,16,667 முதல் 3,58,333 வரை: சம்பளத்தின் 30 சதவீதம், அதில் 72,500 கழிக்க
- 3,58,333க்கு மேல்: சம்பளத்தின் 36 சதவீதம், அதில் 94,000 கழிக்க

2,50,000 ரூபாவுக்குச் செய்து பார்ப்போம். 18 சதவீதம் 45,000. அதில் 37,000 கழித்தால் 8,000. இதுவே அந்த மாதத்து வரி.

இங்கே இரண்டு விடயங்களில் பலர் தடுமாறுகிறார்கள்.

ஒன்று, ஈ.பீ.எப். கழித்த பிறகு மிஞ்சும் தொகைக்கே வரி என்று நினைப்பது. அப்படியல்ல. உங்கள் 8 சதவீதத்தைக் கழிக்க முன்னர் உள்ள மொத்தச் சம்பளத்துக்கே வரி கணக்கிடப்படும். வாகனம், வீடு போன்று கம்பனி தரும் வசதிகளுக்கும் ஒரு பெறுமதி போடப்பட்டு அதில் சேர்க்கப்படும். "வரியை நாங்களே கட்டுகிறோம்" என்று கம்பனி சொன்னால், அப்படிக் கட்டும் வரியும் உங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையாகவே கொள்ளப்படும்.

மற்றது, "சம்பளம் கூடினால் வரி வலையில் விழுந்து கைக்குக் குறைந்துவிடும்" என்ற பயம். ஒவ்வொரு வீதமும் அந்தந்தப் படியில் உள்ள தொகைக்கு மட்டுமே. 1,50,000 பெறுபவருக்கு 1,000 ரூபா கூடினால் வரி வெறும் 60 ரூபா. வரிக்குப் பயந்து சம்பள உயர்வை மறுக்க எந்தக் காரணமும் இல்லை.

நான்காவது படி: சில்லறைக் கழிவுகள்

25,000 ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 25 ரூபா முத்திரைத் தீர்வை கழியும். மருத்துவக் காப்புறுதிப் பங்கு, நலன்புரிச் சங்கச் சந்தா, அலுவலக வாகனக் கட்டணம் என்பன இடத்துக்கு இடம் வேறுபடும். இவற்றை நேர்முகப் பரீட்சையின் போதே கேட்டுக்கொள்ளலாம். பெருநாள் முற்பணம் என்று ஒன்று தருவார்கள். அதுவும் கடன்தான், அடுத்து வரும் மாதங்களில் கழியும். அதை வருமானப் பக்கத்தில் எழுதக் கூடாது.

ஒரே பார்வையில்

முழுச் சம்பளத்துக்கும் ஈ.பீ.எப். கணக்கிட்டு, வரியும் முத்திரைத் தீர்வையும் கழித்த பிறகு கைக்கு வருவது:

- 1,00,000 பெறுபவர்: வரி இல்லை, ஈ.பீ.எப். 8,000, கைக்கு 91,975
- 1,50,000 பெறுபவர்: வரி இல்லை, ஈ.பீ.எப். 12,000, கைக்கு 1,37,975
- 2,00,000 பெறுபவர்: வரி 3,000, ஈ.பீ.எப். 16,000, கைக்கு 1,80,975
- 2,50,000 பெறுபவர்: வரி 8,000, ஈ.பீ.எப். 20,000, கைக்கு 2,21,975
- 3,00,000 பெறுபவர்: வரி 18,500, ஈ.பீ.எப். 24,000, கைக்கு 2,57,475
- 3,50,000 பெறுபவர்: வரி 32,500, ஈ.பீ.எப். 28,000, கைக்கு 2,89,475
- 4,00,000 பெறுபவர்: வரி 50,000, ஈ.பீ.எப். 32,000, கைக்கு 3,17,975

கடைசி வரிகளைக் கவனியுங்கள். மூன்று இலட்சம் நான்கு இலட்சமாகும்போது கடிதத்தில் ஒரு இலட்சம் கூடுகிறது. கைக்குக் கூடுவது 60,500 மட்டுமே. இருக்கும் தொழிலை விட்டுத் தூரத்து ஊருக்கு மாறுபவர் போடிங் வாடகையையும் பஸ் செலவையும் இந்த 60,500 உடன்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு கடிதங்கள், ஒரு முடிவு

ஒரு பிள்ளையின் கையில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். முதலாவது, "மொத்தச் சம்பளம் 2,50,000, ஈ.பீ.எப்., ஈ.ரீ.எப். சட்டப்படி". இரண்டாவது, "பெக்கேஜ் 2,76,000, தொழில் வழங்குநரின் பங்களிப்புகள் உட்பட". வீட்டில் எல்லோரும் இரண்டாவதைத்தான் கை காட்டுவார்கள்.

2,76,000க்குள் தொழில் வழங்குநரின் 12 சதவீதமும் 3 சதவீதமும் அடங்கியிருப்பதால் அதை 1.15 ஆல் வகுக்க வேண்டும். உண்மையான மொத்தச் சம்பளம் 2,40,000. அதற்கு வரி 6,200, ஈ.பீ.எப். 19,200, முத்திரை 25. கைக்கு வருவது 2,14,575. முதலாவது கடிதத்தில் வருவதோ 2,21,975. பெரிதாகத் தெரிந்த தொகை மாதம் 7,400 ரூபா குறைவாகத் தருகிறது. ஒப்பமிட்ட பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

போனஸ், இடையில் சேருதல், இரண்டாவது தொழில்

2,50,000 பெறுபவருக்கு வருட இறுதியில் ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைத்தால் அது வருட வருமானத்தோடு சேர்ந்து 18 சதவீதப் படியில் விழும். 45,000 வரி போக 2,05,000 கைக்கு வரும்.

வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. கல்வியை முடித்து ஒக்டோபரில் முதல் தொழிலில் சேரும் ஒருவர் மார்ச் வரை ஆறு மாதங்களில் பெறுவது 15 இலட்சம். வேறு வருமானம் இல்லையென்றால் இது 18 இலட்சம் நிவாரணத்துக்குள் அடங்குவதால் அவர் செலுத்த வேண்டிய வரி பூச்சியம். ஆனால் மாத அட்டவணைப்படி 8,000 வீதம் 48,000 ரூபா கழிக்கப்பட்டிருக்கும். கம்பனி தரும் வரிக் கழிவுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பித்து அந்தப் பணத்தை மீளக் கோரலாம். இது தெரியாமலேயே பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

நிவாரணம் ஓர் ஆளுக்கு ஒரு முறைதான். பகலில் ஒரு நிறுவனம், மாலையில் தனியார் கல்லூரி விரிவுரை என்று இருப்பவர் இரண்டு இடத்திலும் 1,50,000 வரை வரி இல்லை என்று எண்ணக் கூடாது.

"ஊழியர்" என்று எழுதாமல் "ஆலோசகர்" என்று ஒப்பந்தம் தந்தால் கவனம் தேவை. அங்கே ஈ.பீ.எப். இல்லை, ஈ.ரீ.எப். இல்லை, பணிக்கொடையும் இல்லை. மாதம் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சேவைக் கட்டணத்தில் 5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அது இறுதி வரியல்ல, மிகுதிக் கணக்கை நீங்களே முடிக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்க வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். "ஆலோசகர்" என்ற ஒரு சொல்லால் இவை அனைத்தும் கைநழுவிப் போகலாம்.

வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் கணினி வேலை செய்து, வெளிநாட்டு நாணயத்தை வங்கி ஊடாகப் பெறும் இளைஞர்களும் யுவதிகளும் நம்மிடையே பெருகிவருகிறார்கள். 2025 மார்ச் 31 வரை அந்த வருமானத்துக்கு வரி விலக்கு இருந்தது. இப்போது அதே 18 இலட்சம் நிவாரணத்துக்குப் பிறகு முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், மிகுதிக்கு உச்சமாக 15 சதவீதம். யாரும் முன்கூட்டிக் கழித்துத் தர மாட்டார்கள். ஆகவே மாதாமாதம் நீங்களே ஒதுக்கி வைக்க வேண்டும்.

அரச தொழிலா, தனியார் தொழிலா? வளைகுடாவா?

ஆசிரியர் நியமனத்தை விட்டுவிட்டுத் தனியார் துறைக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் இரண்டு சம்பளச் சிட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அரச ஊழியருக்கு ஈ.பீ.எப். இல்லை. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு கழியும். வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு. தனியாரில் ஓய்வூதியத்துக்குப் பதில் ஈ.பீ.எப். சேமிப்பு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறலாம். கைக்கு வருவது மட்டுமே ஒப்பீடு என்றால் பாதிக் கணக்கை விட்டுவிட்டோம் என்று பொருள்.

ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி அரேபியா, கட்டார், குவைத் ஆகிய நாடுகளில் சம்பளத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட், மருத்துவம் ஆகியவற்றை யார் ஏற்பது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் அந்த வரியில்லாச் சம்பளமும் அங்கேயே கரைந்துவிடும். அங்கு உங்களுக்கு ஈ.பீ.எப். சேராது என்பதையும் மறக்க வேண்டாம். சேமிப்பை நீங்களே கட்டியெழுப்ப வேண்டும்.

ஒப்பமிட முன்னர் கேட்க வேண்டியவை

1. இந்தத் தொகை மொத்தச் சம்பளமா, தொழில் வழங்குநரின் பங்களிப்பும் சேர்ந்ததா?
2. எந்தெந்தக் கொடுப்பனவுகளுக்கு ஈ.பீ.எப். கணக்கிடப்படும்? எந்த மாதத்திலிருந்து?
3. நிச்சயமான கொடுப்பனவு எது, நிபந்தனையோடு வருவது எது?
4. வரி, ஈ.பீ.எப். தவிர வேறென்ன கழியும்?
5. மாதிரிச் சம்பளச் சிட்டை ஒன்றைக் காட்ட முடியுமா?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளும் ஒழுங்கை அல்குர்ஆனே (2:282) நமக்குக் கற்றுத்தருகிறது. தெளிவாகக் கேட்டு எழுத்தில் பெறுவது சந்தேகப்படுவதாகாது. நாளை வரக்கூடிய மனஸ்தாபத்தைத் தடுக்கும் வழி அது. தொழிலில் சேர்ந்த பிறகும், மத்திய வங்கி பராமரிக்கும் உங்கள் ஈ.பீ.எப். கணக்கில் பணம் வருகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். வராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இன்னொரு விடயம். வரி கட்டிவிட்டதால் ஸகாத் கடமை நீங்கிவிடாது என்பதே உலமாக்கள் பொதுவாகச் சொல்வது. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஈ.பீ.எப். சேமிப்புக்கு ஸகாத் எப்போது, அதில் சேரும் வட்டியை என்ன செய்வது என்பவற்றை மார்க்கம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையின் சம்பளத்தை ஊருக்குச் சொல்ல முன்னர், கைக்கு வரும் தொகையைப் பிள்ளையிடமே கேளுங்கள். இரண்டரை இலட்சத்தை நம்பி மாதம் 60,000 ரூபா தவணைக்கு வாகனம் எடுத்துக் கொடுத்தால், மிஞ்சுவது 1,61,975. அதில்தான் அந்தப் பிள்ளை கொழும்பில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். திருமணப் பேச்சிலும் இதே நேர்மை வேண்டும். கடிதத்தில் உள்ள தொகையைச் சொல்லி ஆரம்பிக்கும் குடும்பத்தில் முதல் மாதமே சந்தேகம் முளைத்துவிடுகிறது.

நமது பாடசாலைகளில் வட்டமும் முக்கோணமும் படிப்பிக்கும் கணித பாடத்திலேயே ஒரு பாடவேளையை ஒதுக்கி, உண்மையான நியமனக் கடிதம் ஒன்றைப் பெயர் நீக்கிக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே கைக்கு வரும் தொகையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். உயர்தரம் முடித்தவர்களுக்கு வழிகாட்டல் நிகழ்ச்சி நடத்தும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். வரி வீதங்கள் வரவு செலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை, எனவே ஒவ்வொரு ஏப்ரலிலும் மேலே உள்ள எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் பார்க்கும் முறை மாறாது.